பழையது பரிசாகுமா?

பரிசு என்றவுடன் மனத்தில் எழுவது புதுமையின் தோற்றம். பிரிக்கப்படாத உறை, கைபடாத பளபளப்பு, கடையின் மணம் ஆகியவற்றையே பரிசின் இலக்கணமாகக் கொள்ள இக்கால வாழ்க்கை பழக்கிவிட்டது. இந்நிலையில், மாடிப்படியின் அடியில் பல ஆண்டுகள் துருவேறிக் கிடந்த தம் தந்தையின் சைக்கிளை வெளியே எடுத்து, அதைச் செப்பனிட்டுத் தம் தங்கையின் மகளுக்குக் கொடுக்க ஒருவர் எண்ணினால், அவருடைய மனத்திலேயே முதலில் ஒரு தயக்கம் எழும். பழையதைக் கொடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் மரியாதையா? பணத்தைச் சேமிக்கும் ஆசைக்குப் பாசம் என்று பெயர் சூட்டுகிறோமா? புதியதை வாங்கும் வசதி இருந்தும் பழையதைக் கொடுத்தால் தங்கை என்ன நினைப்பாள்?

இந்தத் தயக்கத்தை ‘ஊர் என்ன சொல்லும்’ என்னும் அச்சமாக எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. கொடுத்தல் என்னும் செயலின் உள்ளே இருக்கும் ஒரு கேள்வி இப்படி வெளிப்படுகிறது. கொடுக்கப்படும் பொருள் எப்போது பரிசாகிறது, எப்போது வெறும் கழிப்பாகிறது என்பதே அந்தக் கேள்வி.

நசிகேதஸின் கலக்கம்

கட உபநிஷதம் இக்கேள்வியுடனேயே தொடங்குகிறது. தம் உடைமைகள் அனைத்தையும் வழங்கிவிட வேண்டிய வேள்வி ஒன்றை வாஜசிரவஸர் செய்தார். தட்சிணையாகக் கொண்டுவரப்பட்ட பசுக்களை அவருடைய மகன் நசிகேதஸ் பார்த்தான். அவை கறவை வற்றியவை. கன்று ஈனும் காலத்தைக் கடந்தவை. மேயவும் நீர் அருந்தவும்கூட வலுவற்றவை. அவன் சிறுவன்தான். ஆனால் அக்கணத்தில் அவனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷதம். ‘என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று தந்தையிடம் அவன் மும்முறை கேட்டதும், சினங்கொண்ட தந்தை ‘உன்னை யமனுக்குக் கொடுத்தேன்’ என்றதும் பலரும் அறிந்த கதை.

இங்கு நிதானமாகச் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. அப்பசுக்கள் முதுமையடைந்ததில் குற்றம் ஏதும் இல்லை. அவற்றைத் தம் தொழுவத்திலேயே வைத்து, இறுதிவரை பேணியிருந்தால் அது பெரிய அறமாகியிருக்கும். தமக்குப் பயன்படாமற்போனவற்றை, பெறுபவருக்குப் பயன்படும் என்ற பாவனையில் கொடுத்ததே குற்றம். கொடுத்தவரிடமிருந்து எதுவும் குறையவில்லை. பெற்றவரிடம் எதுவும் கூடவில்லை. பராமரிக்கும் சுமை மட்டுமே இடம் மாறியது. ஆயினும் ‘கொடுத்தேன்’ என்னும் சொல் சொல்லப்பட்டுவிட்டது. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே இருந்த அந்த இடைவெளியே சிறுவனைக் கலங்கச் செய்தது.

ஆகவே ஒரு பொருளின் வயது கொண்டு அது பரிசா அன்றா என்று முடிவு செய்ய இயலாது. இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கொடுப்பவரிடமிருந்து உண்மையாகவே வெளியே சென்றது என்ன? பெறுபவரிடம் உண்மையாகவே வந்து சேர்ந்தது என்ன?

மூப்பை நீக்கக்கூடிய பொருள்

பசுவுக்கு இளமையைத் திருப்பித் தர எவராலும் இயலாது. சைக்கிளின் நிலை வேறு. தேய்ந்த பாகத்தை அகற்றி நல்ல பாகத்தைப் பொருத்தினால் அது தன் பழைய வலுவைப் பெற்றுவிடும். நம் நாட்டில் தலைமுறைகளாக ஓடிய கனமான கறுப்பு நிறச் சைக்கிள்கள் இதற்கு ஏற்றவாறே அமைந்தவை. எஃகுக் குழாய்களாலான பிரேம், கம்பிகளால் இயங்கும் பிரேக், 28 அங்குலச் சக்கரங்கள், பெரும்பாலும் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஆரக்கம்பிகள் என்று அவற்றின் அமைப்பு எளியது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே கழற்றலாம், துடைக்கலாம், மாற்றலாம்.

இவற்றைச் செய்த ஆலைகளைவிட இவை நீண்ட ஆயுள் பெற்றிருப்பதும் உண்டு. மேற்கு வங்காளத்தின் ஆசன்சோலில் புகழுடன் இயங்கிய சென்-ராலே ஆலை பின்னர் அரசுடைமையாகி, இறுதியில் மூடப்பட்டது. அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலையில் 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தி நின்றது. ஆனால் அவ்வாலைகளிலிருந்து வெளிவந்த பிரேம்கள் இன்றும் எத்தனையோ வீடுகளின் சுவர்களில் சாய்ந்து நிற்கின்றன. மூடிய ஆலையைத் திறக்கத் தனிமனிதரால் ஆகாது. நின்றுபோன சைக்கிளை ஓடவைக்க ஆகும்.

இந்தச் சலுகையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. ‘பழையது, அதனால் இப்படித்தான் இருக்கும்’ என்று பசுவைக் குறித்துச் சொல்லலாம். செப்பனிட்ட சைக்கிளைக் குறித்து அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. செப்பனிட முடிந்ததைச் செப்பனிடாமல் கொடுத்தவர், வாஜசிரவஸர் செய்ததையே செய்தவராகிறார்.

வண்ணத்தின் கீழே

பழைய சைக்கிளைப் பரிசாக்க முனைவோரை இரு வழிகள் அழைக்கும். முதலாவது, எளிய வழி. துருவை மேலோட்டமாகத் தேய்த்து, ஒரு பூச்சு வண்ணம் அடித்து, புது மணியும் புது உறையிட்ட இருக்கையும் பொருத்தினால் ஒரே நாளில் வண்டி புதியது போலாகிவிடும். பெறுபவரின் முகம் மலரும், கொடுப்பவர் பாராட்டப்படுவார். இரண்டாவது வழி, கண்ணுக்குத் தெரியாத இடங்களிலிருந்து தொடங்குகிறது.

சைக்கிள் கடைக்காரர்கள் ‘ஓவராயில்’ என்று அழைக்கும் முழுமையான சீரமைப்பில், வண்டி முதலில் பாகம் பாகமாகப் பிரிக்கப்படும். சக்கரங்களின் நடுவேயும், பெடல்கள் சுழலும் அச்சிலும், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்திலும் சிறிய எஃகுக் குண்டுகள் உள்ளன. அவற்றின் மீதுதான் வண்டியின் ஓட்டம் முழுவதும் உருள்கிறது. அவற்றை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு குண்டுகள் மட்டும் சொரசொரத்துப் போயிருந்தாலும் அந்த வரிசை முழுவதையும் மாற்றுவதே முறை. தேய்ந்தவற்றின் நடுவே புதியது ஒன்றை வைத்தால், அளவில் சற்றே பெரிதான அதன் மீது பாரம் முழுவதும் விழுந்து, அது விரைவில் கெடும், பிறவற்றையும் கெடுக்கும்.

சங்கிலிக்கும் ஓர் அளவு உண்டு. புதிய சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/16 அங்குலம் நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். 1/8 அங்குலம் நீண்டிருந்தால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்நிலையில் புதுச் சங்கிலியை மட்டும் மாட்டினால் அது ஏறும் வழியில் நழுவும். டயர் ஓடாமலே கிடந்திருந்தாலும் ரப்பர் காய்ந்து பக்கங்களில் வெடித்திருக்கலாம். பிரேக் கட்டைகள் கல்போல் இறுகியிருக்கலாம்.

யாவற்றிலும் முக்கியமானது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பிரேமின் இணைப்புகளும். அங்கே விரிசல் ஏதேனும் இருந்தால் அது மெல்லிய துருக்கோடாகத் தென்படும். அதன் மீது வண்ணம் பூசினால் கோடு மறைந்துவிடும், விரிசல் மறையாது. என்றோ ஒரு நாள், பள்ளத்தில் இறங்கும் வேகத்தில், அது தன்னை வெளிப்படுத்தும். அப்போது வண்டியின் மீது அமர்ந்திருப்பவர் கொடுத்தவர் அல்லர், பெற்றவர்.

பிரேக் கட்டையும் குண்டு வரிசையும் எவருடைய பாராட்டையும் பெற்றுத் தரமாட்டா. அச்சினுள் புதுக் கிரீஸ் இடப்பட்டதை அந்தச் சிறுமி ஒருபோதும் காணப்போவதில்லை. அவள் அறியாத இடத்தில், அவளுடைய நலனுக்காக மட்டுமே செய்யப்படும் உழைப்பு அது. பரிசு கைமாறும் நாளில் அனைவரும் காண்பது வண்ணத்தை. அதன்பின் ஒவ்வொரு நாளும் அவளைக் காப்பது இந்தக் காணப்படாத உழைப்பு. கொடுப்பவரிடமிருந்து உண்மையாகவே வெளியே சென்றது என்ன என்னும் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது.

இவ்வுழைப்பு கொடுப்பவரையும் சும்மா விட்டுவிடுவதில்லை. இடப்புறப் பெடலின் மரை மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுழல்வது. இதை அறியாமல் முழு பலத்தையும் பிரயோகிப்பவர் மரையை அழித்துவிடுவார். துருவில் இறுகிய ஆணியைச் சுத்தியால் அறைவதைவிட, எண்ணெய் ஊற்றி ஓர் இரவு காத்திருப்பது பயன் தரும். கோணிய சக்கரத்தை நேராக்குபவர் ஓர் ஆரக்கம்பியைக் கால் சுற்று இறுக்குவதற்கு முன், எதிர்ப்புறக் கம்பியையும் கணக்கில் கொள்கிறார். பலத்தால் ஆகாததைக் கவனத்தால் முடிக்கும் பயிற்சி இது. தங்கை மகளின் பொருட்டுத் தொடங்கிய வேலை, மாமாவின் அவசரத்தையும் சற்றே செப்பனிட்டுவிடக்கூடும்.

நினைவைச் சுமப்பவை, உடலைச் சுமப்பவை

வேலை நடக்கும்போது வேறொரு கேள்வி முளைக்கும். இது தந்தையின் சைக்கிள். சங்கிலி மாறிற்று, டயர்கள் மாறின, ஃபோர்க்கும் மாறிவிட்டது. இன்னும் இது தந்தையின் சைக்கிள்தானா?

பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் மிலிந்த மன்னரிடம் தேரைக் குறித்து இத்தகைய வினாவை எழுப்புகிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எந்தத் தனிப் பாகத்திலும் ‘தேர்’ அகப்படவில்லை. பாகங்கள் கூடியிருக்கும் கூட்டத்திற்கு வழங்கும் பெயரே அது என்று மன்னர் ஒப்புகிறார். சைக்கிளுக்கும் இது பொருந்தும். தந்தை எந்தப் பாகத்தில் இருக்கிறார் என்று தேடினால் எந்தப் பாகத்திலும் இல்லை. இந்த வண்டியில் அவர் நாள்தோறும் வேலைக்குச் சென்று வீட்டைக் காத்தார் என்னும் உறவில் இருக்கிறார். மீண்டும் ஒருவரை நாள்தோறும் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதன் மூலமே இவ்வண்டி அந்த உறவைத் தொடர முடியும்.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவும் நெறி ஒன்று கிடைக்கிறது. நினைவைச் சுமக்கும் பாகங்கள் சில உண்டு. உடலைச் சுமக்கும் பாகங்கள் சில உண்டு. முன்பக்கத்துப் பித்தளைச் சின்னம், பழைய மணி, செயின் கவரில் பாதி அழிந்த பெயரெழுத்து முதலியவற்றைத் தேய்மானத்துடனே விட்டுவைக்கலாம். அவை தேய்ந்திருப்பதுதான் அவற்றின் அழகு. பிரேக், ஃபோர்க், சங்கிலி, டயர் ஆகியவற்றிடம் அத்தகைய கருணைக்கு இடமில்லை. ‘அப்பா பயன்படுத்திய பிரேக் கட்டை’ என்று ஒன்றை மாற்றாமல் விடுவது தந்தைக்குச் செய்யும் மரியாதையாகாது. தம் பேத்தி அந்தப் பிரேக்கை நம்பி இறக்கத்தில் செல்வதை அவர் ஒப்பியிருக்கமாட்டார்.

குடும்பங்களில் பொருள்கள் மட்டுமல்லாமல் வழக்கங்களும் சொற்களும் கூட இவ்வாறே கைமாறுகின்றன. அவற்றில் எவை நினைவைச் சுமக்கின்றன, எவை அடுத்த தலைமுறையின் வாழ்வைச் சுமக்கப் போகின்றன என்று பிரித்தறிவது மூத்தோரின் கடமை. நினைவுக்குரியவற்றை அன்போடு வைத்துக்கொள்ளலாம். வாழ்வைச் சுமக்கப் போகின்றவற்றை, தட்டிப் பார்த்துச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது.

பெறுபவரின் அளவு

இனி இரண்டாவது கேள்வி. பெறுபவரிடம் உண்மையாகவே வந்து சேர்ந்தது என்ன?

சைக்கிள் அலங்காரப் பொருளன்று. ஒரு பெண் குழந்தைக்கு அது கல்வியின் கதவாகவே அமையக்கூடும். பிகார் அரசு 2006-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகள் சைக்கிள் வாங்குவதற்கு நிதி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பயனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேரும் மாணவிகளின் அளவு அத்திட்டத்தால் 32 சதவிகிதம் உயர்ந்தது என்று காட்டியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில் பயன் மிகுதியாக இருந்தது. தொலைவு அப்படியேதான் இருந்தது. அதைக் கடக்கும் வழி மட்டுமே கிடைத்தது. அவ்வளவில் எத்தனையோ பெண்களின் படிப்பு தொடர்ந்தது.

இத்தகைய வேலைக்கென ஒரு சைக்கிளைக் கொடுப்பவர், அது அந்தக் குழந்தைக்குப் பொருந்துமா என்று பார்த்தாக வேண்டும். தாத்தாவின் வண்டி 22 அல்லது 24 அங்குலப் பிரேம் கொண்டது. இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே குறுக்கே ‘பார்’ உடையது. அந்நாளில் சிறுவர்கள் அந்தப் பாரின் அடியில் காலை நுழைத்துக் ‘குரங்கு பெடல்’ போட்டுப் பழகினார்கள். வடநாட்டிலோ அதைக் கத்தரிக்கு ஒப்பிட்டுக் ‘கைஞ்சி’ என்பார்கள். விளையாட்டாக அது இனிய நினைவு. புத்தகச் சுமையுடன், லாரிகள் விரையும் சாலையில், ஒரு 13 வயதுச் சிறுமி தினமும் அவ்வாறு செல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அன்பாகாது. பாருக்கு இருபுறமும் கால்களை வைத்து நிற்கும்போது இரு பாதங்களும் தரையில் நன்கு பதிய வேண்டும். பிரேக் பிடி அவளுடைய கைக்கு எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அந்தச் சைக்கிள் இப்போது அவளுக்குரிய பரிசன்று.

மனம் சற்று நோகும் இடம் இது. பல வாரங்கள் உழைத்தவர், ‘இவ்வளவு செய்த பின்பு எப்படி விடுவது?’ என்று எண்ணுவார். உழைப்பு தூயதாயினும், அதைப் பெறுபவர் மீது சுமத்தும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. அவளுக்கு ஏற்ற சிறிய சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிட்டு, தந்தையின் வண்டியை அவளுடைய அண்ணனுக்கோ, வளர்ந்த பின் அவளுக்கேயோ வைத்திருப்பதுதான் உண்மையான கொடை. புதியதைக் கொடுக்க வேண்டிய இடத்தில் புதியதைக் கொடுப்பவரே, பழையதைக் கொடுக்கும் தகுதி பெற்றவர். அவருடைய தேர்வில் கஞ்சத்தனமும் இல்லை, பெருமையும் இல்லை என்பது அப்போதுதான் உறுதியாகிறது.

கையிலிருந்து விடுதல்

வண்டி பொருந்துகிறது, வேலையும் முடிந்துவிட்டது என்றால் கொடுப்பது மட்டுமே எஞ்சும். அதிலும் ஒரு சாதனை இருக்கிறது.

பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. இடம், காலம், தகுதி அறிந்து, கைம்மாறு கருதாமல் கடமையுணர்வுடன் கொடுப்பது சாத்விகம். பயனை எதிர்பார்த்தோ மனவருத்தத்துடனோ கொடுப்பது ராஜஸம். மதிப்பின்றி, இகழ்ச்சியுடன் கொடுப்பது தாமஸம். உறவினர்க்குத் தரும் பரிசையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ‘இவளுக்கு இது போதும்’ என்ற எண்ணம் துளி கலந்திருந்தாலும், எத்தனை பளபளத்தாலும் அது தாமஸமே. ‘எத்தனை நாள் உழைத்தேன் தெரியுமா’ என்று காலமெல்லாம் நினைவூட்டினால் அது ராஜஸம். கைம்மாறாகப் பணத்தைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்பதில்லை; தீராத நன்றியை எதிர்பார்ப்பதும் கைம்மாறே.

எனவே கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எவை புதியவை, எவை பழையவை, எதை எப்போது மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அவளும் அவளுடைய பெற்றோரும் அறிய வேண்டும். ‘இது தாத்தாவுடையது’ என்பதையும் சொல்லலாம். ‘ஆகவே நீ இதை இப்படியே வைத்திருக்க வேண்டும்’ என்று சொல்வதற்கு உரிமையில்லை. அவள் அதற்கு வேறு வண்ணம் பூசலாம்; முன்னால் ஒரு கூடை மாட்டலாம்; ஒரு நாள் தன்னைவிடத் தேவையுள்ள தோழிக்குக் கொடுத்தும் விடலாம். அவ்வாறு செய்யும் சுதந்திரம் அவளுக்கு இல்லையென்றால் அந்தப் பொருள் இன்னும் மாமாவின் கையிலேயே இருக்கிறது. அவள் அதற்குக் காவலாளியாக நியமிக்கப்பட்டிருக்கிறாள்.

சைக்கிளுடன் இன்னொன்றையும் கொடுக்கலாம். காற்றின் அளவை விரலால் அழுத்தி அறிவது, சங்கிலிக்கு எண்ணெய் இடுவது, பஞ்சர் ஒட்டுவது, கிளம்புமுன் இரு பிரேக்குகளையும் பிடித்துப் பார்ப்பது ஆகியவற்றை அவளுக்குக் கற்றுத் தருவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பொருள் மட்டும் கைமாறினால், அது பழுதாகும்போதெல்லாம் அவள் மாமாவை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். பொருளைப் பேணும் அறிவும் கைமாறினால், அவள் எவரையும் எதிர்பார்க்காமல் தன் வழியில் செல்வாள். தம்மை நாடி வராத நிலைக்குப் பெறுபவரை உயர்த்தும் கொடை அரிது. அதைச் செய்வதற்குக் கொடுப்பவரின் மனத்திலும் சிறிது துரு நீங்கியிருக்க வேண்டும்.

நசிகேதஸைக் கலங்கச் செய்தது பசுக்களின் முதுமை அன்று. கொடுத்தவரின் உள்ளத்தில் சிரத்தை இல்லாமற்போனது. சிரத்தை என்பது வேள்விச்சாலையில் மட்டுமே வேண்டப்படும் உயர்ந்த உணர்வு என்று எண்ண வேண்டியதில்லை. பிறர் காணாத அச்சினுள் புதுக் குண்டுகளை வரிசையாக அடுக்கும் கையில் அது இருக்க முடியும். விரிசலை வண்ணத்தால் மூடாமல் விடும் நேர்மையில் அது இருக்க முடியும். அந்தக் கை செய்த வண்டி எத்தனை ஆண்டுகள் பழையதானாலும், அதில் ஏறிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு அது குறைந்த பரிசாகாது.